வீட்டு முற்றத்தில் டகோமாவின் முன் சி.வி. ஆக்சில் மாற்றுதல்

சி.வி. ஆக்சில் என்பது டிஃபரன்ஷியலிலிருந்து (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர்ப்பெட்டி) முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், இரு முனையிலும் மூட்டுள்ள தண்டு. பழையதை உருவிப் புதியதைச் செருக ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு வழி செய்யத்தான் அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளில் புதியவர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடங்களை: டிஃபரன்ஷியல் வாயில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல், ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் சுழலும் மையப்பகுதி) நடுவில் இருக்கும் பெரிய நட். இந்த இரண்டிலும் கவனமாக இருந்தால் மற்றதெல்லாம் போல்ட் கழற்றிப் போல்ட் மாட்டும் வேலைதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்கச் சந்தையில் 2005 முதல் 2015 வரை வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா டகோமா, ஃபோர் வீல் டிரைவ் வகை. அதே காலத்து ஃபோர் ரன்னர், எஃப்.ஜே. குரூசர் இரண்டின் முன்பக்க அமைப்பும் ஏறக்குறைய இதேதான். இலங்கையிலோ வளைகுடாவிலோ ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் வேலையின் வரிசையைப் புரிந்துகொள்ள இதைப் படிக்கலாம். முறுக்கு அளவுகளை மட்டும் உங்கள் வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்தே எடுங்கள்.

ஆக்சில்தான் கெட்டதா?

முதல் அடையாளம் சத்தம் அல்ல, கிரீஸ். முன் சக்கர ரிம்மின் உட்புறத்திலும், மேல் ஆர்மிலும், ஷாக் அப்சார்பரின் மேலும் கரும்பிசின் போல ஏதாவது விசிறியடித்திருந்தால் பூட் (மூட்டை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது என்று பொருள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்து, டார்ச்சோடு குனிந்து பார்த்து, பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். கிழிசல் எப்போதும் மடிப்பின் பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும்.

சக்கரப் பக்கத்து வெளிமூட்டு தேய்ந்திருந்தால் வண்டி திரும்பும்போது 'டக் டக்' என்று கேட்கும். ஆனால் டகோமாவில் இதைக் கேட்க ஒரு நுணுக்கம் தெரிய வேண்டும். டூ வீல் டிரைவில் ஓடும்போது முன் ஆக்சில் வெறுமனே சுற்றுகிறது, இழுப்பதில்லை. சுமை ஏறாத மூட்டு சத்தம் போடாது. அதனால் சரளைக்கல் அல்லது மண் தரையில் ஃபோர் வீல் டிரைவைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்து, மெதுவாக வட்டமடித்துக் கேளுங்கள். தார்ச்சாலையில் இதைச் செய்யாதீர்கள். இந்த வண்டியின் ஃபோர் வீல் டிரைவ் பகுதிநேர வகை. காய்ந்த தாரில் முன் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து டிரைவ்லைனை முறுக்கும்.

டிஃபரன்ஷியல் பக்கத்து உள்மூட்டு கெட்டால் சத்தத்தைவிட அதிர்வுதான் தெரியும், குறிப்பாக ஃபோர் வீல் டிரைவில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது. உள்மூட்டின் அருகே ஈரம் இருந்தால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாகக் கறுப்பாக இருந்தால் பூட்டிலிருந்து வந்த கிரீஸ். நீர்த்துப்போய், கந்தக நெடி அடித்தால் அது டிஃபரன்ஷியல் கியர் ஆயில். சீல் போய்விட்டது, ஆக்சில் நன்றாகவே இருக்கலாம்.

'நான் ஃபோர் வீல் டிரைவே போடுவதில்லை, பூட் கிழிந்தால் என்ன' என்று விடுவதும் தவறு. இந்த வண்டியில் ஹப்பும் ஆக்சிலும் எப்போதும் பிணைந்தே இருக்கின்றன. ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அந்த மூட்டு சுற்றுகிறது. கிழிந்த வாய் வழியே மணலும் தண்ணீரும் போய்க்கொண்டே இருக்கும்.

பூட் கிழிந்து சில நாள்தான் ஆகிறது, மூட்டில் சத்தமும் ஆட்டமும் இல்லை என்றால் முழு ஆக்சிலை மாற்ற வேண்டியதில்லை. கழற்றி, கழுவி, புது கிரீஸும் புது பூட்டும் போட்டாலே போதும். டொயோட்டாவின் அசல் ஆக்சில், விலை மலிவான மாற்று ஆக்சில்களைவிட நெடுநாள் உழைக்கும் என்பதுதான் எங்கள் கருத்து. மலிவானவற்றில் முதல் நாளிலிருந்தே அதிர்வு வருவது அடிக்கடி நடக்கிறது.

வண்டியை லிஃப்ட் செய்திருந்தால் காரணத்தையும் சேர்த்துப் பாருங்கள். உயரம் மூன்று அங்குலத்தை நெருங்கும்போது ஆக்சிலின் சாய்வு கூடி, பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயத் தொடங்கும். அந்த நிலையில் எத்தனை பூட் மாற்றினாலும் மறுபடி அதே இடத்தில் கிழியும். உயரத்தைக் கொஞ்சம் இறக்குவதா, டிஃபரன்ஷியலைத் தாழ்த்தும் கிட் போடுவதா என்பதை ஆக்சில் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்

வேலை நடுவில் கடைக்கு ஓட முடியாது; வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்கும். பாகங்கள்: புது ஆக்சில், அந்தப் பக்கத்து டிஃபரன்ஷியல் சீல், புது காட்டர் பின் (நட் கழலாமல் பூட்டும், கால்களை மடக்கும் ஊசி), ஆயில் வடிக்கும் பிளக்குக்கும் நிரப்பும் பிளக்குக்கும் புது வாஷர்கள், இரண்டு குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) கியர் ஆயில். முன் டிஃபரன்ஷியல் ஏறக்குறைய ஒன்றரை குவார்ட் பிடிக்கும். ஜி.எல்.-5 தரம் கட்டாயம். பாகுத்தன்மை வண்டி வந்த ஆண்டைப் பொறுத்து மாறுகிறது. பிந்தைய ஆண்டுகளுக்கு 75டபிள்யூ-85. உங்கள் உரிமையாளர் கையேட்டில் எழுதியிருப்பதையே வாங்குங்கள். ஆக்சிலோடு புது ஹப் நட் வந்தால் அதைப் போடுங்கள்.

கருவிகளில் வீட்டில் இல்லாதது 35 மி.மீ. சாக்கெட்டாகத்தான் இருக்கும். ஆறு முனை உள்ளதாக, அரை அங்குல டிரைவுக்கு வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை மழுக்கும். மற்றபடி 10, 12, 17, 19, 21 மி.மீ. சாக்கெட்டுகள், 10 மி.மீ. ஆலன் பிட், இரண்டடி நீள பிரேக்கர் பார், 250 நியூட்டன் மீட்டர் வரை போகும் டார்க் ரெஞ்ச், இரண்டு நெம்புகம்பிகள், ரப்பர் அல்லது பித்தளைச் சுத்தியல், மரக்கட்டை, கேலிப்பரைக் கட்டித் தொங்கவிடக் கம்பி, ஆயில் பிடிக்கும் தட்டு, ஆயில் ஏற்றும் கைப்பம்ப், பிரேக் கிளீனர்.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகவே தருகிறார்கள்.

பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் மாநிலத்து வண்டியானால், முந்தின நாள் மாலையே எல்லாப் போல்ட்டுகளின் மேலும் துரு இளக்கியை அடித்து ஊறவிடுங்கள். இரும்புத் தூரிகையால் மரைகளைத் தேய்த்துவிட்டு அடித்தால் இன்னும் நன்றாக இறங்கும்.

தூக்குவதற்கு முன்

சமதளமான காங்கிரீட் தரை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. கைப்பிரேக். கியர் பார்க்கில் இருக்கட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரங்களுக்கும் இழுப்பைப் பிரித்துத் தரும் பெட்டி) டூ வீல் டிரைவில் இருக்கட்டும். அப்போதுதான் தூக்கியபின் முன் ஹப்பைக் கையால் சுழற்ற முடியும்.

ஹப் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே இளக்குவதுதான் எளிது. வண்டியின் எடையே ஹப்பைப் பிடித்துக்கொள்ளும். ரிம்மின் நடு மூடியை எடுங்கள். (சில ரிம்களில் அதை உள்ளிருந்துதான் தள்ள முடியும். அப்படியானால் சக்கரத்தைக் கழற்றி, மூடியைத் தள்ளிவிட்டு, திரும்ப மாட்டி இறக்குங்கள்.) உள்ளே ஹப்பின் மேல் தகரத் தூசி மூடி ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் உளியை வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினால் கழலும். ஒரே இடத்தில் அடித்தால் நெளிந்துபோகும். அதற்குள் காட்டர் பின், அதன் அடியில் நட்டைச் சுற்றிய கூண்டு போன்ற பூட்டு மூடி. பின்னை நிமிர்த்தி உருவி, கூண்டை எடுத்தால் 35 மி.மீ. நட் தெரியும். இடஞ்சுழியாக இளக்குங்கள். ஒரு சுற்று இளகினால் போதும், முழுக்கக் கழற்ற வேண்டாம். இளகிய நட்டோடு வண்டியை உருட்டவும் வேண்டாம், பேரிங்குக்குக் கேடு.

உதவிக்கு ஆள் இருந்தால் இன்னொரு வழி: வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றியபின் அவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீங்கள் நட்டை இளக்கலாம். ஆனால் இதைக் கேலிப்பர் கழலும் முன்பே முடித்துவிட வேண்டும்.

சக்கர நட்டுகளையும் (21 மி.மீ.) கால் சுற்று இளக்கிவிட்டு வண்டியைத் தூக்குங்கள். ஒரு பக்கம்தான் வேலை என்றாலும் இரண்டு முன் சக்கரங்களையும் தூக்கி, ஃபிரேமின் அடியில் இரண்டு ஸ்டாண்டுகளை வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்வே பார் (இரு முன் சக்கரங்களின் சஸ்பென்ஷனையும் இணைக்கும் கம்பி) முறுக்கேறி நிற்கும். அதன் லிங்க்கைக் கழற்றவும் முடியாது, திரும்ப மாட்டவும் முடியாது. பலர் அரைமணி நேரம் போராடுவது இந்த ஒரு காரணத்தால்தான். ஸ்டாண்ட் வைக்கும் இடத்தில் ஃபிரேமைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இந்தத் தலைமுறை டகோமாவுக்கு ஃபிரேம் துரு நன்கு தெரிந்த நோய். 'ணங்' என்று கேட்க வேண்டும். மந்தமான சத்தமோ உதிரும் செதிலோ இருந்தால் அந்த இடத்தில் எடையை வைக்காதீர்கள். வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் தோளால் ஒருமுறை தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டே கீழே போங்கள்.

கழற்றும் வரிசை

அடியில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டை (12 மி.மீ. போல்ட்டுகள்) இறக்கி, முதலில் டிஃபரன்ஷியல் ஆயிலை வடியுங்கள். இங்கே மாற்றக்கூடாத ஒரு விதி உண்டு: நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். நிரப்பும் பிளக் துருவேறித் திறக்க மறுத்தால், வடித்துவிட்ட டிஃபரன்ஷியலோடு வண்டி முற்றத்திலேயே நிற்க வேண்டியதுதான். இரண்டுக்கும் பெரும்பாலும் 10 மி.மீ. ஆலன் பிட் பொருந்தும். குழியில் அடைந்த மண்ணை ஊசியால் நன்றாகத் தோண்டியெடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி ஆழமாக உட்காரவைத்து, பிறகு முறுக்குங்கள். வடிந்த ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மாவு போல ஒட்டிய துகள் இயல்பானது. செதிலாக, பல் போல வந்தால் டிஃபரன்ஷியலையே திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்து பிரேக். கேலிப்பரின் பின்னால் இரண்டு 17 மி.மீ. போல்ட்டுகள். இந்த வண்டியில் கேலிப்பரிலிருந்து ஒரு விறைப்பான இரும்புக் குழாய் வந்து, நக்கிளில் (ஹப்பைத் தாங்கி ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) உள்ள பிராக்கெட் வரை போய், அங்கிருந்துதான் வளையும் ரப்பர் ஹோஸ் தொடங்குகிறது. அந்தப் பிராக்கெட்டைக் கழற்றாமல் கேலிப்பரை இழுத்தால் இரும்புக் குழாய் மடங்கும். முதலில் பிராக்கெட், பிறகு கேலிப்பர். கம்பியால் மேலே கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் எடை விழக்கூடாது. டிஸ்க்கை உருவி வையுங்கள், நக்கிள் பாதி எடை குறையும். இனி கேலிப்பரைத் திரும்ப மாட்டும்வரை பிரேக் மிதியை யாரும் தொடக்கூடாது.

ஏ.பி.எஸ். சென்சாரைக் கழற்ற முயலாதீர்கள். துருவில் இறுகியிருக்கும், நெம்பினால் உடையும். அதன் ஒயரை நக்கிளிலும் மேல் ஆர்மிலும் பிடித்திருக்கும் சின்னக் கிளிப்புகளை மட்டும் கழற்றி ஒயரைத் தளர்த்திவிட்டால் போதும்.

ஸ்வே பார் லிங்க் நக்கிளோடு சேரும் இடத்தில் ஒரு நட். அதைத் திருப்பும்போது உள்ளேயிருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றினால், தண்டின் நுனியில் உள்ள குழியில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

இப்போது கீழ் பால் ஜாயிண்ட். மற்றப் பல வண்டிகளில் பால் ஜாயிண்டை அதன் கூம்புத் துளையிலிருந்து அடித்துப் பிரிக்க வேண்டியிருக்கும், ரப்பர் கிழியும். டகோமாவில் அந்தத் தொல்லை இல்லை. பால் ஜாயிண்ட் தனிப் பாகமாக, நக்கிளின் அடியில் இரண்டு 19 மி.மீ. போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கிறது, டை ராடும் அதே பாகத்தின் கையில்தான் சேர்கிறது. ஆக, அந்த இரண்டு போல்ட்டுகளை எடுத்தால் போதும், டை ராடைத் தொடவே வேண்டாம். கழற்றும் முன் கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கை வைத்து இலேசாகத் தாங்கிக்கொள்ளுங்கள். போல்ட் விடுபடும் நொடியில் ஆர்ம் துள்ளாது.

சக்கரம் வண்டியோடு நிற்பதே இந்த இரண்டு போல்ட்டுகளால்தான். மரை நசுங்கியிருந்தாலோ துரு அரித்திருந்தாலோ டொயோட்டாவின் அசல் போல்ட்டையே புதிதாக வாங்கிப் போடுங்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு போல்ட் வேண்டாம்.

ஹப் நட்டை, தண்டின் நுனியோடு சமமாக வரும்வரை சுழற்றி வையுங்கள். அதன் மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டினால் ஆக்சில் ஹப்பிலிருந்து உள்நோக்கி இளகும். நட் அங்கே இருப்பது மரையைக் காப்பாற்ற. வெறும் தண்டின் மேல் இரும்புச் சுத்தியலால் அடித்தால் நுனி காளான் போல விரிந்து, பிறகு நட் ஏறாது. இளகியதும் நட்டை எடுத்து, நக்கிளின் அடிப்பகுதியை உங்களை நோக்கி இழுத்துச் சாய்த்து, ஆக்சிலின் வெளிமுனையை ஹப்பிலிருந்து வெளியே எடுங்கள்.

எடுக்கும்போது ஆக்சிலின் நடுத்தண்டைப் பிடித்து வெளியே இழுக்கக்கூடாது. உள்மூட்டு முன்னும் பின்னும் சறுக்குவதற்காகச் செய்யப்பட்டது. பலமாக இழுத்தால் பூட்டுக்குள்ளேயே மூட்டு பிரிந்துவிடும். பழைய ஆக்சிலுக்குப் பூட் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் இது முக்கியம். புது ஆக்சிலைத் தூக்கும்போதும் இரண்டு முனைகளையும் சேர்த்தே பிடியுங்கள்.

உள்முனையை உருவுதல்

பொறுமை தேவைப்படும் இடம் இது. உள்முனையின் ஸ்ப்ளைனில் (தண்டில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) ஒரு கம்பி வளையம் இருக்கிறது. டிஃபரன்ஷியலின் பக்க கியருக்குள் போய் விரிந்து ஆக்சிலைப் பிடித்துக்கொள்வது அதுதான். மெதுவாக, பலமாக, நீண்ட நேரம் நெம்பினால் வளையம் அசையாது, கம்பிதான் வளையும். சட்டென்று ஒரு வெட்டு இழுப்பு கொடுத்தால் வளையம் சுருங்கி வெளியே வரும்.

இரண்டு நெம்புகம்பிகளை எதிரெதிர்ப் பக்கங்களில், உள்மூட்டின் கிண்ணத்துக்கும் டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் நடுவில் வைத்து, ஒரே நேரத்தில் சுருக்கென்று நெம்புங்கள். கம்பியின் நுனி சீல் இருக்கும் வளையத்துக்குள் போகக்கூடாது, மெல்லிய தூசித் தகட்டையும் நெளிக்கக்கூடாது. அலுமினியக் கூட்டின் மெல்லிய விளிம்பில் ஊன்றினால் அது சிதறும். தடித்த இடமாகப் பார்த்து ஊன்றுங்கள். வரவில்லையென்றால் ஆக்சிலைக் கால் சுற்று திருப்பி மறுபடி முயலுங்கள். வளையத்தின் திறந்த வாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு நிலையில் வராதது இன்னொரு நிலையில் எளிதாக வரும். மூன்று நான்கு நிலைகளிலும் வரவில்லை என்றால் சறுக்குச் சுத்தியலை (தண்டில் சறுக்கும் எடையால் வெட்டி இழுக்கும் கருவி) இரவல் வாங்குவதே நல்லது.

வளையம் விட்டதும் ஆக்சிலை அடியிலிருந்து தாங்கி, நேர்க்கோட்டில் வெளியே எடுங்கள். எடை கீழே சாய்ந்தால் ஸ்ப்ளைனின் பற்கள் சீலின் உதட்டைக் கீறும். வடித்த பிறகும் கொஞ்சம் ஆயில் வரும், தட்டு அடியில் இருக்கட்டும்.

ஓட்டுநர் பக்கத்தில் (அமெரிக்க வண்டியில் இடப்பக்கம்) வேலை செய்கிறீர்கள் என்றால், துளைக்குள் தெரியும் ஊசி பேரிங்கை விரலால் தடவிப் பாருங்கள். இந்த முன் டிஃபரன்ஷியலில் அது தேய்வது அறிந்த விஷயம். டூ வீல் டிரைவில் குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வந்து, ஃபோர் வீல் டிரைவ் போட்டால் மறைகிறது என்றால் சந்தேகம் இந்தப் பேரிங்கின் மேல்தான். புது ஆக்சில் அந்த அதிர்வைத் தீர்க்காது. அதன் இடத்தில் போடும் புஷ் தனியாகக் கிடைக்கிறது. மாற்றுவதானால் ஆக்சில் வெளியே இருக்கும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சீல்

ஆக்சில் வெளியே வந்துவிட்டது, சீலின் விலையோ சொற்பம். பழையது நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவைத்தால், அடுத்த மாதம் அதற்காகவே இந்த முழு வேலையையும் மறுபடி செய்ய நேரலாம். எடுக்கும் முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சீல் இழுப்பானால் கொக்கி போட்டு எடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் அலுமினியத் துளையில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே ஆயில் ஆண்டுக்கணக்கில் கசியும்.

துளையைத் துடைத்து, புது சீலின் வெளிவிளிம்பில் சிறிது கியர் ஆயில், உள் உதட்டில் கிரீஸ் தடவி, நேராக வையுங்கள். சீலின் வெளிவிட்டத்துக்குச் சரியான பி.வி.சி. குழாய்த் துண்டு அல்லது பெரிய சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி, பழைய ஆழத்துக்கே இறக்குங்கள். சாய்வாக இறங்கினால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அதை எறிந்துவிட்டு இன்னொன்று போடுங்கள். முதல்முறை செய்பவர்கள் இரண்டு சீல் வாங்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

புதியதைச் செருகுதல்

பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே கிடத்திப் பாருங்கள். மொத்த நீளம், இரு முனைகளிலும் ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கை, சீல் உரசும் மேற்பரப்பின் விட்டம், வளையம் இருக்கிறதா, ஹப் பக்க மரை. பெட்டியில் தவறான பாகம் வருவது அபூர்வமல்ல. சீல் உரசும் இடம் கண்ணாடி போல இருக்க வேண்டும். அனுப்பிய வழியில் விழுந்த கீறலோ துருப்புள்ளியோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

உள்முனை ஸ்ப்ளைனில் கியர் ஆயில் தடவி, கம்பி வளையத்தின் திறந்த வாய் கீழ்நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். சீலைத் தொடாமல் நேராக உள்ளே விட்டு, சற்றுச் சுழற்றினால் பற்கள் பிடிக்கும். பிறகு கிண்ணத்தைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். நடுத்தண்டைத் தள்ளினால் உள்மூட்டு சுருங்குமே தவிர வளையம் உட்காராது. கையால் போகவில்லை என்றால் கிண்ணத்தின் விளிம்பில் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டுங்கள். வளையம் உட்காரும்போது சத்தம் மாறும். உட்கார்ந்ததா என்று பார்க்கக் கிண்ணத்தை மட்டும் கையால் வெளியே இழுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடலாம், ஆனால் வெளியே வரக்கூடாது. இந்தச் சோதனையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உட்காராத ஆக்சில் ஓட்டத்தில் மெல்ல வெளியே நகர்ந்து ஆயிலைக் கொட்டும்.

வெளிமுனையை ஹப்புக்குள் விட்டு, ஹப் நட்டைக் கையால் நாலு மரை ஏற்றுங்கள். நக்கிளைப் பால் ஜாயிண்டின் மேல் உட்காரவைத்து இரண்டு போல்ட்டுகளையும் கையாலேயே தொடங்குங்கள். துளைகள் நேராக வராவிட்டால் ஜாக்கைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பொருத்துங்கள். இம்பாக்ட் ரெஞ்சால் தொடங்கினால் மரை குறுக்கே ஏறும், நக்கிளே பாழாகும்.

முறுக்கு அளவுகள்:

கீழ் பால் ஜாயிண்ட் போல்ட்டுகள்: 160 நியூட்டன் மீட்டர் (118 அடி-பவுண்டு)
ஸ்வே பார் லிங்க் நட்: 70 (52)
கேலிப்பர் போல்ட்டுகள்: 123 (91)
ஹப் நட்: 235 (173)
சக்கர நட்டுகள்: 113 (83)
டிஃபரன்ஷியல் வடிக்கும் பிளக்: 65 (48)
நிரப்பும் பிளக்: 39 (29)

ஹப் நட்டை டார்க் ரெஞ்சால் மட்டுமே இறுக்குங்கள். இம்பாக்ட் ரெஞ்சின் தொடர் அடி பேரிங்கின் உருளும் பாதையில் தழும்பு விடும், சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து ரீங்காரம் தொடங்கும். குறைவாக இறுக்கினாலும் கேடுதான். சக்கரத்தை மாட்டி டயரைத் தரையில் இறக்கியோ, கேலிப்பரை மாட்டியபின் ஒருவர் பிரேக்கை அழுத்தியோ 235-க்கு இறுக்கலாம். கூண்டு மூடியை வைத்துப் பாருங்கள். அதை வெவ்வேறு விதமாகத் திருப்பி வைத்தால் ஏதாவது ஒரு வெட்டு துளைக்கு நேராக வரும். அப்படியும் வரவில்லை என்றால் நட்டை இன்னும் சற்று இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்க வேண்டாம். புது காட்டர் பின்னைச் செருகி இரண்டு கால்களையும் மடக்கி, தூசி மூடியைச் சுற்றிலும் தட்டிப் பொருத்துங்கள்.

வடிக்கும் பிளக்கைப் புது வாஷரோடு இறுக்கி, நிரப்பும் துளை வழியாகக் கைப்பம்பால் ஆயில் ஏற்றுங்கள். வண்டி சமமாக நிற்கும்போது துளையின் கீழ் விளிம்பிலிருந்து ஆயில் வழிந்தால் நிறைந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் தூக்கி நிற்கும்போது அளவு சரியாகத் தெரியாது. இறக்கியபின் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சாலையில் இறக்கும்போது

எஞ்சினைப் போட்டதும் கியரைத் தொடும் முன் பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். கேலிப்பரைக் கழற்றியபோது பேடுகள் பின்வாங்கியிருக்கும், முதல் மிதி வெறுமையாக இறங்கும். மிதி கெட்டியான பிறகே வண்டி நகர வேண்டும்.

காலி இடத்தில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டமடியுங்கள். ஏ.பி.எஸ். ஒயரும் பிரேக் ஹோஸும் எதிலும் உரசாமல் இருக்கின்றனவா என்று ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். கிளிப்பை மாட்ட மறந்த ஒயர் டயரில் உரசி அறுபடுவது இந்த வேலைக்குப் பிறகு வரும் வழக்கமான புகார். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் முதலில் அங்கேதான் தேட வேண்டும். வீல் அலைன்மெண்ட் மாறாது. ஆர்ம்களின் சரிக்கட்டும் போல்ட்டுகளையும் டை ராடின் நீளத்தையும் நாம் தொடவில்லை.

பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். மறுபக்கத்து ஹப்பைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது. சீல் பக்கம் இரவில் ஓர் அட்டையை விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். வேலையின்போது கூட்டில் தங்கிய ஆயில் ஓரிரு சொட்டு விழலாம். மறுநாளும் விழுந்தால் சீல் சாய்ந்திருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளையும் பால் ஜாயிண்ட் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள்.

வடித்த கியர் ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கும் உதிரிபாகக் கடையில் கொடுங்கள். கழற்றிய ஆக்சிலைக் கொடுத்தால், புதியதை விற்றபோது வாங்கிய வைப்புத்தொகையைக் கடை திருப்பித் தரும் என்றாலும், அது டொயோட்டாவின் அசல் ஆக்சிலாக இருந்து மூட்டும் நன்றாக இருந்தால் அந்தத் தொகையை விட்டுவிடுங்கள். கழுவி, புது பூட் போட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால் அடுத்த பக்கத்துக்கு அதுவே ஆகும். போடும் முன், சீல் உரசும் பரப்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த ஆக்சிலைக் கொடுத்துவிடலாம்.